முன்பணம் பெற்றுப் பிறந்த கருவிகள்



ஒரு பொருளைச் செய்து முடித்து, சந்தைக்குக் கொண்டுவந்து, விலை கூறி விற்பது உலக வழக்கம். இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிய முறை ஒன்றும் உண்டு. பொருள் பிறப்பதற்கு முன்பே அதனை வேண்டுவோர் பலர் கூடுகிறார்கள். ஆளுக்குச் சிறிது முன்பணம் தருகிறார்கள். அந்தப் பணத்தைக் கொண்டே பொருள் பிறக்கிறது. இதனை இக்காலத்தார் ‘கிரவுட்ஃபண்டிங்’ என்கின்றனர். திரளான மக்கள் தரும் நிதி ஆதலால் ‘திரள்நிதி’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இம்முறையின் வரலாற்றை, ஒரு சிறு கலைஞர் கூட்டத்தின் கருவிகளை முன்வைத்து உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அக்கலைஞர்களை நீங்கள் அறிவீர்கள். கல்லூரி விழாக்களில், மேடையின் ஓரத்தில் ஒரு மேசை. மேசைமேல் சுழலும் தட்டுகள் இரண்டு. நடுவே திருகுகளும் தள்ளுகோல்களும் நிறைந்த ஒரு பெட்டி. பக்கத்தில் திறந்து வைத்த மடிக்கணினி. ஒரு காதில் மட்டும் ஹெட்போனை ஏந்தி அங்கே நிற்பவரே டி.ஜே. எனப்படுபவர். அவருடைய மேசையைப் போய் ஏன் வரலாற்றுக்கு எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். இரும்பாலை, இரயில் பாதை முதலிய பெருந்தொழில்களின் வரலாற்றில் அரசின் நிதியும் செல்வர்களின் மூலதனமும் முன்னே வந்து நிற்பதால், எளிய மக்களின் முன்பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இச்சிறு மேசையிலோ அது தெளிவாகத் தெரிகிறது. பணம் எப்படித் திரளுகிறது என்பதோடு, நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது, எப்போது சரிகிறது என்பதும் தெரிகிறது.

முதலில், இம்முறை புதியது என்ற எண்ணத்தை விலக்கிவிடுவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞர், ஹோமரின் இலியட் காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்டார். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி என்பது கணக்கு. 575 பேர் முன்கூட்டியே தம் பெயரைப் பதிந்துகொண்டனர். அவர்களுடைய பெயர்ப்பட்டியல் நூலிலேயே அச்சிடப்பட்டது. முதல் தொகுதி 1715இல் வந்தது. ஆண்டுக்கு ஒன்றாக 1718 வரையில் நான்கு தொகுதிகள் வெளியாயின. அடுத்த ஆண்டு வெறிதே கழிந்தது. கடைசி இரண்டு தொகுதிகளும் 1720இல்தான் ஒருங்கே வந்து சேர்ந்தன. முன்பணம் எவ்வளவு பழையதோ, தாமதமும் அவ்வளவு பழையது போலும்!

1784இல் வியன்னா நகரத்தில் மொஸார்ட் தம் இசை நிகழ்ச்சிகளுக்கு இவ்வாறே முன்பதிவு திரட்டினார். 170க்கும் மேற்பட்டோர் பெயர் தந்தனர். அப்பட்டியலை அவர் பெருமையோடு தம் தந்தைக்கு எழுதியனுப்பினார். நூறு ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு மக்கள் அளித்த சுதந்திர தேவியின் சிலையை நிறுத்தப் பீடம் கட்டப் பணமின்றி நியூயார்க் நகரம் தவித்தது. 1885இல் ஜோசப் புலிட்சர் தம்முடைய ‘தி வேர்ல்ட்’ நாளிதழ் வாயிலாக மக்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவரின் பெயரை நாளிதழில் அச்சிடுவதாக வாக்களித்தார். ஐந்து மாத காலத்தில் 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. தந்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். பள்ளிக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

நம் மொழியிலும் இவ்வழக்கம் இருந்தது. அதற்கு ஓர் அழகிய பெயரும் இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் அச்சாகி முடியுமுன்பே அதனைப் பெற்றுக்கொள்வதாக அன்பர்கள் பலரிடம் ‘கையொப்பம்’ வாங்கினார். வாக்குக் கொடுப்பவரின் கையெழுத்தே அவ்வழக்கத்துக்குப் பெயராயிற்று.

இந்த நான்கு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். தந்தவரின் பெயர் எங்கும் வெளிப்படையாக இருந்தது. பெறுபவரும் ஊரறிந்தவராக இருந்தார். போப்பின் கவிதையைப் படித்தவர்களே அவருக்குக் கினி தந்தார்கள். மொஸார்ட்டின் வாசிப்பைக் கேட்டவர்களே அவர் பட்டியலில் பெயர் பதிந்தார்கள். முன்பணத்தைத் தாங்கி நின்றது அறிமுகம். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

இனி, டி.ஜே.யின் மேசைக்கு வருவோம்.

டி.ஜே. என்பது ‘டிஸ்க் ஜாக்கி’ என்னும் தொடரின் சுருக்கம். டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜாக்கி என்பவர் பந்தயக் குதிரை ஏறுபவர். இசைத்தட்டின்மேல் ஏறிச் சவாரி செய்பவர் என்று வேடிக்கையாகப் பொருள் கொள்ளலாம். இத்தொழில் பிறந்த இடம் வானொலி நிலையம் என்பதை, வானொலியிலிருந்து பேசும் நான் சொல்லாமல் விட முடியுமா? 1935இல் நியூயார்க் வானொலி நிலையமொன்றில் மார்ட்டின் பிளாக் என்பவர் இசைத்தட்டுகளைப் போட்டபடியே, ஒரு நடன மண்டபத்தில் இசைக்குழுவினர் நேரே வாசிப்பது போன்ற பாவனையை உண்டாக்கிப் புகழ் பெற்றார். தட்டைப் போடுபவரும் ஒரு கலைஞராகலாம் என்பது அப்பொழுதே விளங்கிவிட்டது.

ஆயினும், இசைத்தட்டே ஒரு வாத்தியமாக மாறியது 1970களில்தான். அதுவரை பெரும்பாலான டர்ன்டேபிள்களில் மோட்டார் ஒரு பக்கம் இருக்கும். தட்டு ஒரு பக்கம் இருக்கும். இடையே ஒரு ரப்பர்ப் பட்டையோ உருளையோ சுழற்சியைக் கடத்தும். தட்டைக் கையால் நிறுத்தினாலோ, பின்னோக்கி இழுத்தாலோ பட்டை வழுக்கும். மீண்டும் வேகம் பெறுவதற்குள் தாளம் தவறிப்போகும். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1972இல் ‘டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200’ என்ற கருவியை வெளியிட்டது. அதில் மோட்டாரின் அச்சே தட்டை நேராகச் சுழற்றியது. வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்காகச் செய்த கருவி அது. தட்டைப் பிடித்து இழுத்து விளையாடுவார்கள் என்று கருதி அதைச் செய்யவில்லை. ஆனால், அவ்விளையாட்டுக்கு அது ஈடுகொடுத்தது.

விளையாட்டைத் தொடங்கியவர்கள் ஏழை இளைஞர்கள். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சிறு விருந்து நடந்தது. சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்கும் பொருட்டு அதனை ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 சென்டும் ஆண்களுக்கு 50 சென்டும் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுகளைப் போட்டவர் அவளுடைய தமையன் கிளைவ். பிற்காலத்தில் கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தவர். பாட்டின் நடுவே குரல்கள் ஓய்ந்து தாள வாத்தியம் மட்டும் முழங்கும் சில நொடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையை உருவாக்கினார். ஹிப்-ஹாப் இசையின் பிறந்தநாள் என்று அந்த நாளை இன்று கொண்டாடுகிறார்கள்.

அதே பகுதியில் ஜோசப் சாட்லர் என்ற இளைஞர் இருந்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்பது அவருடைய மேடைப் பெயர். தொழிற்பள்ளியில் மின்கருவிகளைப் பற்றிப் படித்தவர். ஒரு தட்டு ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தட்டில் தாளம் தொடங்கும் இடத்தைத் தாம் மட்டும் ஹெட்போனில் கேட்டறிய வேண்டும் என்பது அவர் தேவை. அவருக்குக் கிடைத்த கருவியில் அவ்வசதி இல்லை. ஆகவே, அதற்கான மாற்றுவிசையை அவரே இணைத்துச் செய்துகொண்டார்.

நான் இங்கே வற்புறுத்த விரும்புவது இதுதான். டி.ஜே.யின் கருவிகளுட் பல, கையாள்பவரின் சொந்தத் தேவையிலிருந்து அவர் கையாலேயே முதலில் பிறந்தன. தொழிற்சாலைகள் பின்னால் வந்தன. அங்ஙனம் பிறந்த கருவியை அன்றிரவே கூட்டத்தின் முன் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். நன்றாயிருந்தால் கூட்டம் ஆடும், இல்லையென்றால் நின்றுவிடும். அதனினும் கடுமையான தேர்வாளர் வேறு எவர் இருக்க முடியும்?

புதிய நூற்றாண்டு பிறந்தபோது இம்மேசையின்மேல் மடிக்கணினி ஏறியது. அது ஏறிய வகை வியப்புக்குரியது. இசைத்தட்டுக் கலைஞருக்குக் கைப்பழக்கம் முழுவதும் தட்டிலே இருந்தது. பாட்டுகளோ கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன. இரண்டையும் எப்படி இணைப்பது? ஹாலந்து நாட்டில் உருவான ‘ஃபைனல் ஸ்க்ராட்ச்’ என்ற ஏற்பாடும், நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் 2004இல் வெளிக்கொணர்ந்த ‘ஸ்க்ராட்ச் லைவ்’ என்ற ஏற்பாடும் இதற்கு வழி கண்டன. இவற்றுக்கென அச்சிட்ட இசைத்தட்டில் பாட்டு கிடையாது. ஒரே சீரான கீச்சொலி மட்டும் பதிந்திருக்கும். அவ்வொலிக்குள் இடத்தைக் குறிக்கும் அடையாளங்கள் பொதிந்திருக்கும். ஊசி அதைப் படிக்கிறது. ஒரு சிறு பெட்டி அதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. தட்டு எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில், எந்த இடத்தில் சுழல்கிறது என்று கணினி அறிந்து, தன்னுள் இருக்கும் பாட்டை அதே வேகத்தில், அதே திசையில் ஓட்டுகிறது. கை தட்டை இழுக்கிறது. கணினிக்குள் இருக்கும் பாட்டு இழுபடுகிறது!

இதனால் விளைந்த நன்மை பெரிது. பெட்டி பெட்டியாகத் தட்டுகளைச் சுமந்து திரிந்தவர்கள், ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரு தோள்பையில் கொண்டுபோகலாயினர். ஆனால், தீர்ந்த குறைக்கு ஈடாகப் புதிய குறைகள் முளைத்தன. மேசையில் இடமில்லை, மடிக்கணினியை எங்கே வைப்பது? தாழ வைத்தால் கழுத்து நோகிறது. ஒலிபெருக்கியின் அதிர்வில் அது நகர்கிறது. பக்கத்தில் வைத்த பானம் சிந்தினால் அதற்கு ஆபத்து. இணைக்க வேண்டிய கருவிகள் ஐந்து, யூ.எஸ்.பி. துளைகளோ இரண்டு. இருட்டிலே எவர் காலிலாவது கம்பி சிக்கினால் அத்துடன் இசை நின்றுபோகும். மடக்கி எடுத்துச் செல்லத்தக்க தாங்கி, தனி மின்சாரம் பெறும் யூ.எஸ்.பி. ஹப், கையடக்கமான விசைப்பலகை, கம்பியில்லாத் தள்ளுகோல் என்று சிறு சிறு துணைக்கருவிகள் தேவைப்பட்டன.

இவற்றைப் பெரிய நிறுவனங்கள் ஏன் செய்துவிடவில்லை? இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. பிளாஸ்டிக் பொருள் ஒன்றைத் தொழிற்சாலையில் வார்க்க வேண்டுமாயின், முதலில் உலோகத்தில் அச்சு வெட்ட வேண்டும். அவ்வச்சுக்கு 20,000 டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 தாங்கிகள் விற்றால், தாங்கி ஒன்றுக்கு அச்சின் பங்கு ஒரு டாலர். 200 தாங்கிகளே விற்றால் 100 டாலர்! உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சில நூறு பேரின் தேவைக்காக எந்த முதலாளி இந்தச் செலவை மேற்கொள்வார்? தேவை உண்மையானது, தேவையுடையோரும் இருக்கின்றனர், ஆனால் அவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. கருவியை நினைத்தவனுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே இப்படி ஒரு பள்ளம் கிடந்தது.

அப்பள்ளத்துக்குப் பாலம் போட்ட எண்ணம் ஒரு டி.ஜே. நிகழ்ச்சியிலிருந்தே பிறந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பெர்ரி சென் என்ற இளைஞர் அப்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வாழ்ந்து வந்தார். 2002இல் அந்நகரில் ஜாஸ் இசை விழா நடக்கும் நாட்களில், வியன்னாவைச் சேர்ந்த குரூடர், டார்ஃப்மைஸ்டர் என்ற டி.ஜே. இணையரை வரவழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த விரும்பினார். இடம் பார்த்தாயிற்று; கலைஞர்களின் பொறுப்பாளர்களுடன் பேச்சும் நடந்தது. ஆனால் செலவு அதிகம். மக்கள் வராவிட்டால் நட்டம் அவர் தலையில். நிகழ்ச்சி நடக்கவே இல்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: வர விரும்புவோர் முன்னரே வாக்களித்து, வாக்குகள் போதிய அளவு சேர்ந்தால் மட்டும் நிகழ்ச்சி நடப்பது, சேராவிட்டால் எவருக்கும் நட்டமின்றிக் கைவிடுவது என்று ஓர் ஏற்பாடு செய்தால் என்ன? 218 ஆண்டுகளுக்கு முன் அதே வியன்னாவில் மொஸார்ட் செய்ததும் ஏறத்தாழ இதுவே அன்றோ!

நியூயார்க்குக்குத் திரும்பிய பெர்ரி சென், யான்சி ஸ்ட்ரிக்ளர், சார்லஸ் ஆட்லர் என்ற இருவருடன் கூடி, 2009 ஏப்ரல் 28ஆம் நாள் ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டே ‘இண்டிகோகோ’ என்ற தளமும் தோன்றியிருந்தது. கிக்ஸ்டார்ட்டரின் முதன்மையான விதி எளிது. செய்பவர் ஓர் இலக்குத் தொகையையும் ஒரு கெடுவையும் அறிவிக்க வேண்டும். கெடுவுக்குள் இலக்கு எட்டினால் மட்டுமே வாக்களித்தவரிடமிருந்து பணம் பெறப்படும். எட்டாவிட்டால் ஒரு காசும் கைமாறாது. வெற்றி பெற்றால் தளம் 5 விழுக்காட்டைத் தன் கூலியாக எடுத்துக்கொள்ளும். எத்தனை பேருக்குத் தேவை என்ற கேள்விக்கு, அச்சு வெட்டுமுன்பே விடை கிடைத்துவிடுகிறது.

இவ்வழியே வந்த கருவிகள் சிலவற்றைப் பார்ப்போம். மடிக்கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, வேலை முடிந்ததும் ஒரு கோல்போல் மடங்கிவிடும் ‘ரூஸ்ட்’ என்ற தாங்கி 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் பெற்றது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரின் கழுத்து வலியை எண்ணிச் செய்யப்பட்ட கருவி அது. ஆயினும், தேவையை உணர்ந்த ஒருவர் எண்ணியதைத் திரள்நிதி தொழிற்சாலை வரை கொண்டுசெல்லும் என்பதற்கு நல்ல சான்று. 2015இல் பாரிஸ் நகரத்து எட்ஜிங் நிறுவனத்தார் ‘மிக்ஸ்ஃபேடர்’ என்ற கருவிக்கு அதே தளத்தில் ஆதரவு திரட்டினர். இரண்டு பாட்டுகளுக்கிடையே ஒலியை மாற்றும் கிராஸ்ஃபேடர் என்ற தள்ளுகோலை மட்டும் தனியே எடுத்து, உள்ளங்கை அளவான பெட்டியில் வைத்து, கம்பியின்றிக் கைப்பேசியோடு இணைத்தது அது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ அரிது. விரல் அசைவுக்கும் ஒலிக்கும் இடையே ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு தாமதம் நேர்ந்தாலும் கலைஞரின் காது அதைக் கண்டுகொள்ளும். கம்பியில்லாத் தொடர்பில் அத்தாமதத்தைச் சுருக்குவதே அக்கருவியின் உயிர்நாடி.

எல்லா முயற்சியும் இலக்கை எட்டியதில்லை. ஆங்கில இசைக் கலைஞர் இமோஜன் ஹீப், கையசைவாலேயே கணினியின் ஒலியை மாற்றும் ‘மி.மு.’ கையுறைகளுக்கு 2014இல் 2,00,000 பவுன் இலக்கு வைத்தார், இலக்கு எட்டவில்லை. விதிப்படி ஒருவர் பணமும் எடுக்கப்படவில்லை. ஆனால் முயற்சி மடிந்துவிடவில்லை. பின்னாளில் அக்கையுறைகள் விற்பனைக்கு வந்தன. இலக்கு எட்டாத முயற்சியில் தந்தவர்க்கு இழப்பில்லை. செய்பவர்க்குப் படிப்பினை உண்டு.

உண்மையான ஆபத்து, இலக்கு எட்டிய பின்னரே தொடங்குகிறது. 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015இன் தொடக்கத்திலுமாக, வேல்ஸ் நாட்டில் ‘சானோ’ என்ற சிறு பறக்கும் கருவிக்கு 12,000க்கும் மேற்பட்டோர் 23 இலட்சம் பவுன் அளவுக்கு முன்பணம் தந்தனர். கருவி மிகச் சிலருக்கே வந்து சேர்ந்தது. வந்ததும் சொன்னபடி இயங்கவில்லை. 2015 நவம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. டி.ஜே.யின் மேசைக்கு அது சம்பந்தமில்லாத கருவிதான். எனினும் எந்தச் சிறு கருவிக்கும் அதே கதி நேரலாம் என்பதால் சொன்னேன்.

இசை உலகிலேயே வேறு இரண்டு பாடங்கள் உண்டு. நீல் யங் என்ற புகழ்பெற்ற பாடகர் 2014இல் ‘போனோ’ என்ற இசைக் கருவிக்கு 62 இலட்சம் டாலர் திரட்டினார். கருவி செய்யப்பட்டது, தந்தவர்களிடம் சேர்ந்தது. ஆனால், அதற்குப் பாட்டுகள் விற்ற இணையக் கடை 2016இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அம்முயற்சி முடிவுக்கு வந்தது. கருவி கைக்கு வருவதோடு கதை முடிவதில்லை. அதற்குப் பின்னால் நின்று உயிரூட்டுபவர் நீடிக்க வேண்டும். கைப்பேசிச் செயலியையோ மென்பொருளையோ நம்பியிருக்கும் துணைக்கருவி ஒவ்வொன்றுக்கும் இது பொருந்தும். இரண்டாவது பாடம் இதனினும் கசப்பானது. இசைக் கலைஞர்களுக்கென்றே 2009இல் தொடங்கிய ‘பிளெட்ஜ்மியூசிக்’ என்ற தளம் 2019இல் வீழ்ந்தது. இரசிகர்கள் தந்த பணம் நடுவிலே நின்றுபோயிற்று. கலைஞர்கள் பலருக்கு அது வந்து சேரவேயில்லை. அங்கே தந்தவரும் நேர்மையாளர், செய்பவரும் நேர்மையாளர், பாலம் இடிந்துவிட்டது.

இவற்றைக் கேட்டு, திரள்நிதி முழுவதும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஈதன் மாலிக் 2015இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் தந்தவர்களுள் ஏறத்தாழ 47,000 பேரிடம் கேட்டறிந்து ஆராய்ந்தார். இலக்கை எட்டிய முயற்சிகளுள், வாக்களித்ததைத் தராமற் போனவை 9 விழுக்காடு என்று கண்டார். 2014இல் வெளியான அவருடைய முந்தைய ஆராய்ச்சி, கருவிகள் முதலியவற்றைச் செய்வோருள் முக்காற்பங்குக்கு மேற்பட்டவர்கள் சொன்ன நாளில் தரவில்லை என்று காட்டியது. ஆக, வஞ்சனை சிறிது; தோல்வி ஓரளவு; தாமதமோ பெரும்பான்மை. அதற்குக் காரணமும் எளிது. ஒரு மாதிரியைக் கையாலே செய்வது வேறு. ஆயிரத்தைத் தொழிற்சாலையில் செய்வது வேறு. அச்சிலே பிழை, உதிரிப்பாகத்தின் விலையேற்றம், மின்கருவிகளுக்கான அரசுச் சான்றிதழ், கப்பற்கூலி, சுங்கவரி என்று ஒவ்வொரு வாயிலிலும் காலம் கழியும். முதன்முறையாகச் செய்பவர் இவ்வாயில்கள் எத்தனை என்றே அறியார்.

கிக்ஸ்டார்ட்டர் நிறுவனத்தாரே 2012 செப்டம்பரில், ‘இது கடை அன்று’ என்று வெளிப்படையாக அறிவித்தனர். கருவி இன்னபடி இயங்கும் என்று கணினிப் படத்தால் பாவனை செய்து காட்டுவதை விலக்கினர். இன்று மெய்யாகவே எதைச் செய்கிறதோ அதை மட்டுமே காட்ட வேண்டும் என்றனர். இவ்விதியை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னே நான் மனத்தில் இருத்தச் சொன்னதை இங்கே நினைவு கூருங்கள். பழைய முன்பணத்தைத் தாங்கியது அறிமுகம். இன்று பாரிஸிலோ டோக்கியோவிலோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் நொடியில் பணம் அனுப்பிவிடுகிறோம், அறிமுகம் மறைந்துவிட்டது. அதன் இடத்தை எதனால் நிரப்புவது? சான்றினால்தான் நிரப்ப வேண்டும். இயங்கும் மாதிரியைக் காட்டச் சொல்லும் அந்த விதி, பிராங்ஸ் பகுதிக் கூட்டம் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் கருவிக்கு வைத்த தேர்வை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவருகிறது.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்களுள் இசையார்வம் கொண்டவர் எவரேனும், தாம் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தை இப்படிப்பட்ட கருவி ஒன்றுக்குத் தர எண்ணினால், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கருவி இப்போது எவர் கையிலாவது மெய்யாகவே இயங்குகிறதா, அல்லது அழகிய படத்தில் மட்டும் இயங்குகிறதா? செய்பவர் இதற்கு முன் எதையாவது செய்து முடித்து, சொன்னவரிடம் சேர்ப்பித்திருக்கிறாரா? அவர் நாளையே தொழிலைவிட்டு விலகினாலும், இக்கருவி என் மேசையில் பயன்படுமா? மடிக்கணினித் தாங்கிக்கு மூன்றாவது கேள்வியினால் அச்சமில்லை. இரும்பும் அலுமினியமும் நிறுவனம் மூடிய பின்பும் நிற்கும். கம்பியில்லாக் கருவிக்கோ அதுவே முதற்கேள்வி.

இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்த பின்பும் ஒன்றை மறவாதீர்கள். கடையில் பொருள் வாங்குபவருக்குப் பொருளின்மேல் உரிமையுண்டு. முன்பணம் தருபவர், இன்னும் பிறவாத ஒன்றின் இடரில் பங்கு கொள்ளுகிறார். இழக்கத் தாங்காத பணத்தை அங்கே வைத்தல் ஆகாது. இழந்தாலும் வருந்தாத அளவு தந்து, ஒருவனுடைய நல்ல எண்ணம் கருவியாக உருப்பெறுவதற்குத் துணை நின்றால், அத்துணை வீண் போவதில்லை.

உங்களுள் சிலர் ஒருநாள் மேசையின் மறுபக்கத்தில் நிற்கவும் கூடும்; ஒரு சிறு கருவியைக் கற்பனை செய்து, பலரிடம் முன்பணம் கேட்கவும் கூடும். அப்போது திரளும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு மனிதரின் கையொப்பம் என்று கருதுங்கள். தாமதமானால் மறைக்காமற் சொல்லுங்கள்; தோற்றால் கணக்குக் காட்டுங்கள். கையொப்பமிட்டவர் காத்திருப்பார். தம்மிடம் உண்மை சொல்லப்படுகிறது என்று அறியும் வரையில், மனிதர்கள் வியக்கத்தக்க பொறுமை உடையவர்கள்.